அண்ணன் எழுதிய ‘போ’

என் அண்ணனை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நேரில் பார்த்தால் ‘கம்ப்யூட்டர் சார்’ என்பார்கள். அவன் முதுகைத் திருப்பியதும் ‘ஆகட்டும்’ என்பார்கள். “ஆகட்டும் வந்துட்டாரா?”, “ஆகட்டும்கிட்ட சொல்லிப் பாத்தியா?” என்று நர்ஸுகள் அறையில் பேச்சு நடக்கும். நான் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன். எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கும் நான் அவனுடைய கூடப்பிறந்த தங்கை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசுவார்கள். எனக்கு மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டா வந்தது? நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. முதுகுவலிக்காரி ஒருத்தி போய், “சார், அடுத்தடுத்து நைட் டூட்டி போடாதீங்க, எழுந்திருக்கவே முடியல” என்பாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைசி வார்த்தை வரைக்கும் கேட்பான். “ஆகட்டும் சிஸ்டர்” என்பான். திங்கட்கிழமை டூட்டிச் சீட்டை ஒட்டுவார்கள். பார்த்தால் அதே ஆளுக்கு அதே நைட்டு. திரும்பப் போய்க் கேட்டால், “போட்டாச்சே சிஸ்டர்” என்பான். போட்டானாம்! காதில் பூச் சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? இப்படி ஒருவரா இருவரா, ஆஸ்பத்திரியில் பாதிப்பேர் அவனிடம் ‘ஆகட்டும்’ வாங்கியவர்கள்தான்.

அவன் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கட்டிடத்தின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்கு அடுத்த அறை. படுக்கை விரிப்புகளை வேகவைக்கிற ஆவி சுவர் வழியாக ஊறி, கோடை குளிர் என்று பாராமல் அறை முழுக்க ஈரவாடை அடிக்கும். தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய் ஒன்று போகிறது. அது சொட்டும் இடத்தில் வார்டில் கழித்துப்போட்ட ஒரு கிட்னி ட்ரேயை, அந்த வளைந்த தட்டை, வைத்திருந்தான். மொத்த ஆஸ்பத்திரிக்கும் கம்ப்யூட்டர் ஆள் என்றால் அவன் ஒருத்தன்தான். மருந்துக்கடையில் பிரிண்டர் காகிதத்தை மென்றாலும் அவன்தான் ஓட வேண்டும். பெரிய டாக்டரம்மா பாஸ்வேர்டை மறந்தாலும் அவன்தான் ஓட வேண்டும். அந்த அம்மா வாரம் தவறாமல் மறப்பார். இதெல்லாம் போக, ஞாயிற்றுக்கிழமை வந்து அடுத்த வாரத்து டூட்டிச் சீட்டை எடுக்க வேண்டும்.

எந்த நர்ஸுக்கு எந்த நாள் எந்த டூட்டி என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற புரோகிராம் அது. அண்ணனுக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனது. முன்பெல்லாம் எங்கள் தலைமை நர்ஸான மேட்ரன் கையால் போட்டுக்கொண்டிருந்தார். வேண்டியவளுக்குப் பகல், வேண்டாதவளுக்கு ராத்திரி என்று ஒரே சண்டை. ஒருநாள் லிப்டுக்குள்ளேயே இரண்டு பேர் தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு மேட்ரன் சட்டம் போட்டார்: இனிமேல் கம்ப்யூட்டர் போடுவதுதான் டூட்டி, பேனா வைத்துத் திருத்தக் கூடாது, ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. யாராவது தானாகவே வந்து எனக்கு நைட்டு வேண்டும் என்று கேட்டால் மேட்ரன் மறுக்கமாட்டார். அந்தப் பேர்களைத் தானே கம்ப்யூட்டரில் ஏற்றி, அண்ணனுக்கு அனுப்பிவிடுவார்; அவன் திறந்து பார்க்காவிட்டாலும் புரோகிராமே அதை எடுத்துக்கொள்ளும். அப்படிக் கேட்கிற புண்ணியவதிகளும் இருந்தார்கள். வீட்டில் மாமியாரோடு இருப்பதைவிட வார்டு மேல் என்று சிலர்.

இனி அண்ணனுடைய ‘போ’வைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. அவன் சொல்லித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். புரோகிராமில் நாம் எதையாவது மாற்றி எழுதினால், அது மெஷினுக்கு அப்படியே புரியாதாம். முதலில் அதற்குப் புரிகிற மாதிரி மாற்ற வேண்டும். அதற்குக் கம்பைல் என்று பேர். அப்படி மாற்றினதும் ஒரு புதுக் கோப்பு வரும். அப்புறம் அந்தக் கோப்பை ஓட்ட வேண்டும். ஆக இரண்டு வேலை, இரண்டுக்கும் நீளநீளமாக டைப் அடிக்க வேண்டும். அண்ணன் அலுத்துப்போய், இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிற மாதிரி சின்னதாக ஒன்றை எழுதிவைத்துக்கொண்டான். அதற்கு ‘போ’ என்று பேர் வைத்தான். கருப்புத் திரையில் ‘போ’ என்று அடித்து, பக்கத்தில் புரோகிராமின் பேரை அடித்தால் போதும், அது கம்பைல் பண்ணி, ஓட்டி, சீட்டையும் அச்சடித்துவிடும். புதுச் செருப்பு வாங்கின குழந்தை மாதிரி அதை எனக்குக் காட்டினான். அவன் சந்தோஷமாக எதையாவது காட்டினதாக எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

அந்தப் பழைய புரோகிராமைக் கம்பைல் பண்ணும்போதெல்லாம் அது பக்கம் பக்கமாக எச்சரிக்கை கக்குமாம். இது பழைய வழக்கம், அது சரியில்லை, இதைப் பிறகு பார்த்துக்கொள் என்று ஓயாத தொணதொணப்பு. ஒன்றும் ஆபத்தில்லாத எச்சரிக்கைகள்தான். ஆனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அண்ணன் ‘போ’வுக்குள்ளே அதன் வாயை அடைத்துவிட்டான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்ரன் தலைமேல் நின்றுகொண்டு, “என்ன சார், இன்னும் வரலையா, வரலையா?” என்று கத்த, கம்பைல் பாதியில் முரண்டு பிடித்திருக்கிறது. எப்படியாவது காகிதம் வெளியே வந்தால் சரி என்று, கம்பைல் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஓட்டிவிடு என்று ‘போ’வை மாற்றிவைத்தான். அன்றைக்கு ஆளை விட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு. அதற்குப் பிறகு அதை அவன் மறந்தே போனான்.

அண்ணியும் எங்கள் ஆஸ்பத்திரிதான். குழந்தைகள் வார்டு. வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி. கல்யாணமான புதிதில் அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால், அவன் தலையைத் தலையை ஆட்டுவான், அண்ணி வார்டுக் கதையெல்லாம் நடித்துக் காட்டுவாள். எந்தக் குழந்தை ஊசியைக் கண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது, எந்த அப்பன் குழந்தையை விட அதிகமாக அழுதான் என்று எல்லாம் வரும். எனக்குப் பக்கத்துத் தெரு. அந்தக் கதை கேட்பதற்காகவே சாயங்காலம் போய் உட்காருவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணிக்கு ரத்தக்கொதிப்பு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ராத்திரி முழித்தால் மறுநாள் தலை சுற்றும், பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அண்ணனிடம் சொன்னாள். “வாரத்துக்கு ஒரு நைட்டுக்கு மேல என்னால முடியாதுங்க. என் ஒருத்திக்கு மட்டும் செஞ்சா ஊரு சிரிக்கும். மாத்திரை சாப்பிடற எல்லாருக்குமே சேத்துப் போடுங்க.” அண்ணன் “ஆகட்டும்” என்றான். அந்த வாரமே அண்ணிக்கு மூன்று நைட்டு. அதற்கடுத்த வாரமும் குறையவில்லை. அண்ணி இரண்டாம் தடவை கேட்கவில்லை. கட்டினவளுக்கே ஆகட்டும்தானா என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. அண்ணனும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டு மேசையில் கதை நின்றது. போன வருஷமெல்லாம் நான் போனால் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம்தான் கேட்கும். இரண்டு பேரும் என்னோடு நன்றாகப் பேசுவார்கள், என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். நடுவில் உட்கார்ந்து எனக்குத்தான் கழுத்து வலித்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணி என்னை வார்டு வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். அவள் முகமே சரியில்லை.

“வேற ஊர் ஆஸ்பத்திரியில கேட்டிருந்தேன். வரச் சொல்லிட்டாங்க. தங்க ரூமும் தர்றாங்க. புதன்கிழமை போய்ச் சேரணும்” என்றாள்.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“நீ சொல்லு. எனக்கு அவர்கிட்ட பேசி மறந்துபோச்சு.”

“ஐயோ அண்ணி, என்ன பேச்சு இது?”

“திங்கக்கிழமை சீட்டு வரட்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உங்கண்ணன் நான் சொன்னதைச் செஞ்சிருந்தார்னா நான் போகல. இல்லன்னா போறேன். கோவமெல்லாம் இல்லடி. அலுத்துப்போச்சு.”

கோபம் என்றால் சமாதானம் சொல்லலாம். அலுப்புக்கு என்ன சொல்வது? எனக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மறுநாள் ஞாயிறு எனக்கு லீவு. காலையிலேயே கிளம்பி நேரே சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறைக்குப் போனேன்.

அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூக்கமில்லை, அசதி. நான் உட்காரக்கூட இல்லை.

“உனக்கு வெக்கமா இல்ல? பொண்டாட்டி மாத்திரை முழுங்கிக்கிட்டு நிக்கிறா. ஒரு வரி எழுதத் துப்பில்லையா உனக்கு? ஊருக்குத்தான் ஆகட்டும்னா அவளுக்குமா?”

“எதைச் சொல்ற?”

“நைட் டூட்டியைச் சொல்றேன்! அண்ணி புதன்கிழமை வேற ஊருக்குப் போறா. வேலைக்கு. உன்னை விட்டுட்டுப் போறா, புரியுதா?”

அவன் எழுந்தான். திரும்ப உட்கார்ந்தான். “அதைப் போட்டு ரெண்டு வருஷமாச்சேடி” என்றான்.

“பொய் சொல்லாத.”

“பாரு.” திரையைத் திருப்பினான். புரோகிராமில் ஒரு இடத்தைத் தேடிக் காட்டினான். நடுநடுவே தமிழில் குறிப்பு எழுதியிருந்தான். ‘ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வாரத்தில் ஒரு இரவுக்கு மேல் கூடாது.’ பக்கத்தில் தேதி. அண்ணி கேட்ட அதே வாரம். அவன் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே போனான். முதுகுவலிக்காரிக்கு ஒன்று இருந்தது. கர்ப்பிணிகளுக்கு நைட்டே கூடாது என்று ஒன்று. நைட்டு முடித்தவளுக்கு மறுநாள் ஓய்வு என்று ஒன்று. யார் யார் எப்போது கேட்டார்களோ எல்லாம் அங்கே இருந்தது. ‘தங்கைக்கு முட்டிவலி, மாடி வார்டுக்கு மாற்று வேலை போடக் கூடாது’ என்றுகூட ஒன்று. நான் என்றைக்கோ போகிற போக்கில் புலம்பியது. டீ குடித்துக்கொண்டு சிரித்தேனே, அந்த வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

“அப்புறம் ஏன் அண்ணிக்கு வாராவாரம் நைட்டு வருது?”

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். “நீ முதல்ல சீட்டைப் போடு, நான் பாக்கணும்” என்றேன்.

‘போ’ என்று அடித்தான். பிரிண்டர் கிறீச்சிட்டுக் காகிதத்தைத் தள்ளியது. குழந்தைகள் வார்டு வரிசையில் விரலை வைத்தேன். அண்ணிக்கு மூன்று நைட்டு.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேட்ரன் அனுப்புகிற அந்தப் பேர்களை, தானாகக் கேட்டு நைட்டு வாங்குகிறவர்களின் பேர்களைத் திறந்தான். மேலிருந்து கீழே வரை பார்த்தான். அதில் அண்ணி பேர் இல்லை. போன மாதத்தினதைத் திறந்தான், அதற்கும் முந்தினதைத் திறந்தான். ஒன்றிலும் இல்லை.

“அவ கேக்கல” என்றான். எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அதற்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தான் எழுதுவது ஓடுகிறதா என்று பார்க்க, புரோகிராமின் தலையில் ‘என் தங்கச்சி வந்திருக்கா’ என்று அச்சடிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தான். ‘போ’ அடித்தான். சீட்டு வந்தது. தங்கச்சியைக் காணோம். இன்னொரு தடவை அடித்தான், அப்போதும் இல்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை. ‘போ’வை விட்டுவிட்டு, நீளமாக எதையோ அடித்தான். அடைத்த வாயைத் திறந்துவிட்டு, கம்பைலை மட்டும் தனியாகப் பண்ணினான் என்று பிற்பாடு சொன்னான். திரை முழுக்க எழுத்தாகக் கொட்டியது. எச்சரிக்கை, எச்சரிக்கை, எச்சரிக்கை. எல்லாம் நின்றபிறகு கடைசியில் ஒரே ஒரு வரி பிழை என்று சொன்னது.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் பழைய மெஷினைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வைத்தார்கள். முந்தின ஆள் எழுதிவைத்த ஏதோ ஒரு வரி புது மெஷினின் கம்பைலுக்குப் பிடிக்கவில்லை. அது அன்றிலிருந்து வாராவாரம் முடியாது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வாயை அடைத்தவன் காதில் அது எப்படி விழும்? கம்பைல் ஆகாவிட்டாலும் ஓட்டிவிடு என்பதும் இருந்ததே, அதனால் ‘போ’ சமர்த்தாகப் பழைய கோப்பையே எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தது. லீவு எடுத்தவர்கள் பேரெல்லாம் தனியாக வருவதால் சீட்டு வாராவாரம் புதிது மாதிரியே இருக்கும். விதிகள் மட்டும் பழையவை. திரும்ப வந்து கேட்டவர்கள் பேரையெல்லாம் மேட்ரன்தான் நைட்டுக்கு ஏற்றியிருப்பார் என்று இவன் இருந்துவிட்டான்.

“ரெண்டு வருஷமா நான் எழுதினது எதுவுமே ஓடல” என்றான் அண்ணன். “ஒண்ணுகூட ஓடல.”

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இந்த ஈரவாடையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் எழுதியிருக்கிறான். எழுதியதற்குப் பலனாக ஒரு பட்டப்பெயர் வாங்கினான்.

பிழையான அந்த வரியைத் திருத்த அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்ப ஓட்டினான். இந்தத் தடவை காகிதத்தின் தலையில் ‘என் தங்கச்சி வந்திருக்கா’ என்று வந்தது. அண்ணிக்கு ஒரே நைட்டு. கர்ப்பிணிகளுக்கு ஒன்றுமில்லை. முதுகுவலிக்காரிக்கு விட்டு விட்டு. நான் கைதட்டாத குறை. அப்புறம்தான் பார்த்தேன், காகிதத்தில் அங்கங்கே காலிக் கட்டம். இந்த ராத்திரிக்கு ஆளில்லை, அந்த ராத்திரிக்கு ஆளில்லை. எல்லோருக்கும் சொன்னதைச் செய்தால் ராத்திரிக்கு நிற்க ஆள் போதவில்லை.

அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மேட்ரன் அறைக்குப் போனோம். நடந்ததை அண்ணன் ஒளிக்காமல் சொன்னான். மேட்ரன் கெட்டவர் இல்லை. அவருக்கும் கால் வீங்கியிருந்தது, ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார்.

“ரெண்டு வருஷமா சீட்டு நல்லாத்தானே சார் வந்துச்சு?”

“அது பழைய விதிங்க.”

“நல்லா ஓடுனதை எதுக்கு மாத்துறீங்க? இந்தக் காலிக் கட்டத்துல யார் நிப்பா? நான் நிக்கட்டுமா, நீங்க நிக்கிறீங்களா? ஆள் கேட்டு மேல சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. பழசையே போடுங்க.”

“ஆகட்டுங்க” என்றான் அண்ணன்.

எனக்கு வந்த கோபத்தில் படியிறங்கும்போது அவன் முதுகில் ஒன்று வைத்தேன். “ஒரு வார்த்தை எதுத்துப் பேசினா உன் நாக்கு தேஞ்சிடுமா?” அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், புதியதையும் வைத்துக்கொண்டான்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது பொழுது சாயவில்லை. அண்ணி டூட்டிக்குக் கிளம்பி, வாசலில் ஒரு காலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் வாயைத் திறக்கமாட்டான் என்று நானே எல்லாவற்றையும் கொட்டினேன். புது மெஷின், அடைத்த வாய், பழைய கோப்பு, காலிக் கட்டம், மேட்ரன். அவள் கேட்ட அதே வாரத்தில் எழுதியிருந்தான் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னேன்.

அண்ணி இரண்டு காகிதத்தையும் வாங்கிப் பார்த்தாள். அந்த ஒற்றை நைட்டைப் பார்த்தாள். அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

“சரி, எழுதியிருக்கீங்க. மெஷின்தான் கெட்டுப்போச்சு. ஒத்துக்கறேன்” என்றாள். “நான் சாயங்காலமானா இந்த வாசல்ல நின்னு செருப்பு மாட்டறேன். நீங்க அந்த நாற்காலியிலதானே உக்காந்திருக்கீங்க? ‘ஏன் இன்னைக்கும் நைட்டு’ன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு எந்த மெஷின் வேணும்?”

எனக்கே அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை.

அண்ணன் கல்லுளிமங்கன், இப்போதும் பேசமாட்டான் என்றுதான் நினைத்தேன். பேசினான்.

“நான்தான் விதி போட்டுட்டேனே. அதுக்கு மேலயும் நைட்டு வந்தா, நீயா மேட்ரன்கிட்ட கேட்டு வாங்கறேன்னு நெனச்சேன். வீட்ல இருக்கப் பிடிக்காம.”

“அந்தப் பேரெல்லாம் உங்ககிட்டதானே வருது? தெறந்து பாத்திருக்கலாமே?”

“பயமா இருந்துச்சு. உன் பேரு இருந்துட்டா? உன்னைக் கேக்கவும் அதே பயம். ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

அண்ணி மாட்டின செருப்போடு திண்டாடி நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

“மொத வருஷம் கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். சத்தியமா” என்றாள். “இப்பக் கேட்டா ஆமாதான். எதுத்தாப்பல உக்காந்துக்கிட்டு ஒரு பேச்சில்லாம இருக்கறதுக்கு, அழுவுற புள்ளைங்களோட இருக்கறது தேவலாம்னு ஆயிடுச்சு. பொய் சொல்ல மாட்டேன்.”

அப்படிச் சொல்லிவிட்டு மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவது? இவன் பயந்தான், அவள் வீம்பு பிடித்தாள், இரண்டு பேரும் வேலை பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனவர்கள். ஒரு வார்த்தை கேட்கத் தெம்பில்லாமல் இரண்டு வருஷம் போயிற்று.

புதன்கிழமை அண்ணி போனாள். சொன்ன சொல்லை மாற்றவில்லை. பெட்டியை வாசலில் வைத்தபோது அண்ணன், “நான் கொண்டாந்து விடட்டுமா?” என்று கேட்டான். அண்ணி யோசித்தாள். “கனமாத்தான் இருக்கு. வாங்க” என்றாள். அவன் ஆஸ்பத்திரிக்குச் சொல்லாமல் லீவு போட்டது அன்றைக்குத்தான். அந்த நாள் முழுக்க மருந்துக்கடைப் பிரிண்டர் படுத்துக் கிடந்ததாம், கிடக்கட்டும்.

ராத்திரிக்குள் திரும்பி வந்தவன் என் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னான். “முடிஞ்சா ஞாயித்துக்கிழமை வாங்கன்னு சொன்னா உங்கண்ணி.”

மறுநாள் மேட்ரனிடம் போய், ஞாயிற்றுக்கிழமை இனிமேல் வரமுடியாது, சீட்டை வெள்ளிக்கிழமையே எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டான். அதோடு விடவில்லை. “பழசை ஓட்ட மாட்டேங்க. புதுசுதான் ஓடும். காலிக் கட்டத்தோடதான் வரும். அதை நிரப்பறது என் வேலையில்லை.” மேட்ரன் குதித்தார். ஆனால் அண்ணனை விட்டால் அந்த மெஷினை யார் தொடுவது? வேறு வழியில்லாமல் தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி, காலிக் கட்டங்களைப் பேனாவால் நிரப்புகிறார். இப்போது நர்ஸுகள் சண்டைக்கு மேட்ரன் அறைக்குப் போகிறார்கள், அடித்தளத்துக்கு வருவதில்லை. மேட்ரனும் ஆள் கேட்டு மேலே கத்துகிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கிறது. நான் டீ அறையில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். பாதிப்பேர் நம்பவில்லை. தங்கச்சி அண்ணனுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்றார்கள். பட்டப்பெயர் அப்படியேதான் இருக்கிறது.

‘போ’வை அண்ணன் அழிக்கவில்லை. கம்பைல் ஆகாவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிற மாதிரி திருத்திவைத்தான். தொணதொணப்பையும் அடைக்கவில்லை. பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே பஸ் ஏறிப் போனான். சாயங்காலம் அவன் திரும்பும் வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, இரண்டு தடவை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்தவனைச் செருப்புகூடக் கழற்றவிடவில்லை.

“ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?”

“மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் பேசல. தூங்கிட்டிருந்தா. ராத்திரி டூட்டி முடிச்சுட்டு வந்திருந்தா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

“அங்கயும் நைட்டா? அடக் கொடுமையே! அந்த உடம்பை வச்சுக்கிட்டு, அங்கயும் யாரும் கேக்க நாதியில்லையா?”

“நான் கேட்டேன்” என்றான் அண்ணன். “கண்ணு முழிச்சதும் மொத வார்த்தை அதான் கேட்டேன். ஏன் நைட்டுன்னு.”

“அண்ணி என்ன சொன்னா?”

“அங்க அவளுக்கு நைட்டு கிடையாதாம். மாத்திரையைக் காட்டினதுமே வேண்டாம்னுட்டாங்களாம். இந்தச் சனிக்கிழமை மட்டும் இவளாப் போய்க் கேட்டு வாங்கியிருக்கா.” குனிந்து செருப்பைக் கழற்றினான். “சனி ராத்திரி பாத்தா ஞாயிறு பூரா லீவு குடுப்பாங்களாம். நான் வர்ற நாளுன்னு கேட்டாளாம்.”

சொல்லிவிட்டு என் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, ஐம்பது வயசு ஆள், தேம்பித் தேம்பி அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.